வயர்லெஸ் மைக் டிரான்ஸ்மிட்டர்: ஒலியளவைச் சரிசெய்து, பிறகு பூட்டும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயங்கள் பல காலியாகி, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்துவிட்டாலும், கோயில் திருவிழா என்றால் டவுனிலும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளிலும் குடியேறியவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடுகிறார்கள். அந்த நாள்களில் மைக் செட்டைக் கவனிப்பவர் பெரும்பாலும் அதற்கென்று படித்தவர் அல்லர். பகலில் மில்லிலோ பள்ளியிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் கோயிலுக்கு வரும் ஓர் இளைஞரோ, என்னைப் போல் பல ஆண்டுகளாக அந்தப் பொறுப்பிலிருந்து நழுவத் தெரியாத ஒருவரோதான் அதைச் செய்கிறார். இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது.

ஒலி கெட்டுவிட்டது என்று கூட்டத்தில் யாராவது கையை ஆட்டினால், நம் கை நேரே, எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்சருக்குப் போகிறது. ஆனால் நான் பார்த்த குறைகளில் பெரும்பாலானவை மிக்சருக்கு வந்து சேர்வதற்கு முன்பே, பேசுபவரின் கையிலோ இடுப்பிலோ இருந்து குரலை வானலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரில் உண்டானவை. அங்கே நாம் தீர்மானிக்க வேண்டியவை இரண்டுதான்: உள்ளே வரும் குரலை அந்தக் கருவி எவ்வளவு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று, அதன் பொத்தான்களை மற்றவர்கள் தொட்டால் என்ன ஆக வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதை முடித்த பிறகே பின்னதைச் செய்ய வேண்டும். தவறான அளவில் பூட்டப்பட்ட டிரான்ஸ்மிட்டர், பூட்டப்படாததைவிட அதிகத் தொல்லை தரும்.

எண் எந்தத் திசையில் ஓடுகிறது?

உள்ளே வரும் ஒலியின் அளவை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரால் அழைக்கிறது. திரையில் கெய்ன் என்றோ, சென்சிட்டிவிட்டி என்றோ, அட்டெனுவேஷன் என்றோ இருக்கும். முதல் இரண்டிலும் அளவைக் கூட்டினால் ஒலி கூடும். அட்டெனுவேஷன் என்பது குறைப்பு. அதில் எண்ணைக் கூட்டினால் ஒலி குறையும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல், குரல் கேட்கவில்லை என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போய், குரலை முற்றிலும் அமுக்கிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

சென்ஹைசர் ஜி3, ஜி4 வரிசையில் சென்சிட்டிவிட்டி மைனஸ் எண்களில் காட்டப்படும். இடுப்பில் மாட்டும் பெல்ட்பேக்கில் அது 0 முதல் மைனஸ் 60 டெசிபல் வரை மும்மூன்று டெசிபலாக மாறும்; கையில் பிடிக்கும் மைக்கில் 0 முதல் மைனஸ் 48 வரை ஆறாறாக மாறும். இதில் 0 என்பது ஒலியே இல்லாத நிலை என்று நினைத்துவிடக் கூடாது. அதுவே மிக மென்மையான குரலையும் பிடிக்கும் நிலை. மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகக் கருவி சத்தத்தைக் குறைவாக ஏற்றுக்கொள்கிறது. ஷூர் பிஎல்எக்ஸ் பெல்ட்பேக்கில் இதற்கு மெனு கிடையாது. சின்னத் திருப்புளியால் திருகும் ஒரு குமிழ் மட்டும் உண்டு, கடிகார முள் திசையில் திருப்பினால் கூடும். ஷூர் எஸ்எல்எக்ஸ்-டி, யூஎல்எக்ஸ்-டி போன்ற டிஜிட்டல் கருவிகளில் கெய்னைக் கூட்டிக் குறைப்பது, அந்த அலையை வாங்கும் ரிசீவரில்தான். டிரான்ஸ்மிட்டரின் மெனுவில் காணப்படும் மைக் ஆஃப்செட் என்பது வேறு வேலைக்கானது. ஒரே ரிசீவருக்கு ஒரு நேரம் கைமைக்கையும் இன்னொரு நேரம் பெல்ட்பேக்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது, சத்தம் குறைவாக வரும் ஒன்றை மற்றதற்கு இணையாகத் தூக்கி நிறுத்துவதே அதன் பயன்.

டெசிபல் கணக்கில் இரண்டு எண்களை மனத்தில் வைத்திருந்தால் போதும். 6 டெசிபல் கூடினால் மின்னழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 20 டெசிபல் கூடினால் பத்து மடங்காகும். ஆகவே மெனுவில் இரண்டு மூன்று முறை அழுத்துவது சின்ன மாற்றமாகத் தோன்றினாலும், உள்ளே நடப்பது சின்ன மாற்றம் அன்று.

குரல் உடைவது எங்கே?

டிரான்ஸ்மிட்டரின் உள்வாயில் ஓர் எல்லைக்கு மேல் வரும் சத்தத்தைக் கருவியால் அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. எல்லையைத் தாண்டிய அலையின் தலை வெட்டப்பட்டு, குரல் கிழிந்த துணிபோல் கேட்கிறது. அதன் பிறகு மிக்சரில் எவ்வளவு குறைத்தாலும், கிழிந்த குரல் மெதுவாகக் கேட்குமே ஒழியச் சரியாகாது. பால்மரத்தில் கட்டிய மங்கு நிறைந்து தரையில் வழிந்த பாலை வாளியில் தேடிப் பயனில்லை என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குறை உண்டு. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் டிரான்ஸ்மிட்டரை மிகவும் குறைத்து வைத்துவிட்டு, ரிசீவரிலும் மிக்சரிலும் ஏற்றினால், குரலோடு சேர்ந்து கருவியின் சொந்த இரைச்சலும் ஏறுகிறது. பேச்சுக்கு இடையே ‘உஸ்’ என்ற ஓசை தொடர்ந்து கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய அனலாக் செட்டுகளில் இது இன்னும் தெளிவாகக் கேட்கும். மிகவும் உரக்க வரும் ஒலி எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வைப்பதே நாம் தேடும் இடம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவது நல்லது. ரிசீவரில் இரண்டு அளவுகோல்கள் இருக்கும். ஆர்எஃப் என்பது அலைவரிசையின் வலிமை. ஏஎஃப் அல்லது ஆடியோ என்பது குரலின் அளவு. இந்த வழிகாட்டி முழுவதும் பேசுவது இரண்டாவதைப் பற்றி. ஆர்எஃப் விழுந்து கரகரப்பு வந்தால் கெய்னைத் திருகி எதுவும் ஆகப்போவதில்லை. 2019 அக்டோபரில் நம் நாட்டில் அனலாக் தொலைக்காட்சி நிறுத்தப்பட்ட பின் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பட்டையில் வேலை செய்யும் பழைய செட்டை இன்னும் அலமாரியில் வைத்திருக்கும் கோயில்கள், அதைத் திருத்த முயல்வதைவிட மாற்றிவிடுவதே மேல்.

தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

புது பேட்டரியைப் போடுங்கள். மெனுவில் பேட்டரி வகையைக் கேட்டால் சரியானதைத் தேர்ந்தெடுங்கள்; சார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி 1.2 வோல்ட்டும் சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட்டும் தருவதால், வகை தவறினால் திரையில் காட்டும் மீதி அளவை நம்ப முடியாது. டிரான்ஸ்மிட்டரை ரிசீவரின் அலைவரிசைக்குப் பொருத்தும் ‘சிங்க்’ வேலையையும் இப்போதே முடித்துவிடுங்கள். சில அமைப்புகளில் சிங்க் செய்யும்போது அலைவரிசையோடு சென்சிட்டிவிட்டி, குரலை நிறுத்தும் மியூட், பூட்டு ஆகியவையும் ரிசீவரிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு மாற்றப்படலாம். ஒலியைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த பிறகு சிங்க் செய்தால் பட்ட பாடு வீணாகும்.

அடுத்தது மைக்கின் இடம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் உயரும். ஆகையால் இடம் உறுதியாகும் முன் அளவை உறுதி செய்வது வீண். காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் மாட்டுவது நல்லது. மேலாடை அணியாத குருக்களுக்கு மாட்டுவதுதான் கடினம். உத்தரீயத்தின் விளிம்பில் மாட்டினால் அது நழுவும், ருத்திராட்ச மாலை அதன்மேல் உரசும். மாலையை ஒதுக்கச் சொல்வதற்குச் சங்கடப்பட்டுக்கொண்டு கெய்னைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பணிவோடு கேட்டால் எந்தக் குருக்களும் மறுத்ததில்லை.

அளவை வைக்கும் முறை

முதலில் மிக்சரில் அந்த மைக்குக்குரிய சேனலின் ஃபேடரை, அதாவது ஒலியை ஏற்றி இறக்கும் சறுக்குக் குமிழை, முழுக்கக் கீழே இறக்குங்கள். கூட்டத்துக்கு எதுவும் கேட்க வேண்டியதில்லை. இப்போது நமக்குக் கண்தான் வேலை, காது பிறகு. டிரான்ஸ்மிட்டரின் மெனுவைத் திறந்து, ஒலியளவு அமைப்பை மிகக் குறைந்த நிலையில் வையுங்கள்.

பிறகு, அந்த மைக்கைப் பயன்படுத்தப் போகிறவரையே அழைத்து, நிகழ்ச்சியில் எவ்வளவு உரக்கப் பேசுவாரோ பாடுவாரோ அவ்வளவு உரக்கச் செய்யச் சொல்லுங்கள். ‘ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ’ என்பது சோதனை ஆகாது. யாரும் மேடையில் அந்தக் குரலில் பேசுவதில்லை. பேச்சாளர் என்றால் கை தட்டல் எதிர்பார்க்கும் வாக்கியத்தைச் சொல்லட்டும்; தேவாரம் பாடும் பிள்ளை என்றால் உச்ச சுரத்தில் வரும் அடியைப் பாடட்டும்; உறுமி மேளக் குழுவின் பாடகர் என்றால், மேளம் முழுவதும் முழங்கும்போது பாட வேண்டும், ஏனென்றால் மேளம் நின்றிருக்கும்போது அவர் குரலை அவ்வளவு உயர்த்துவதில்லை.

அவர் தொடர்ந்து பாடிக்கொண்டிருக்க, அளவை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு படிக்கும் ரிசீவரின் ஆடியோ அளவுகோலையும், உச்சத்தைக் காட்டும் பீக் விளக்கையும் பாருங்கள். மிகவும் உரத்த இடத்தில் மட்டும் அந்த விளக்கு ஓரிரு முறை கண் சிமிட்டினால் எல்லையை அடைந்துவிட்டோம் என்று பொருள். அங்கிருந்து ஒரு படி இறங்குங்கள். மும்மூன்று டெசிபலாக மாறும் கருவி என்றால் இரண்டு படி இறங்குங்கள். கூட்டத்தைக் கண்டதும் மனிதர்களின் குரல் ஒத்திகையைவிட உயரும் என்பதால் அந்த இடைவெளி தேவைப்படும்.

ஒரே மைக்கைப் பலர் வாங்கிப் பேசும் நிகழ்ச்சிகளில் எல்லாருக்கும் பொருந்தும் அளவு என்று ஒன்று கிடையாது. மிகவும் உரக்கப் பேசுபவருக்கு ஏற்ப டிரான்ஸ்மிட்டரை வைத்துவிட்டு, மெல்லிய குரல்காரர்களுக்கு மிக்சரில் ஃபேடரை ஏற்றிக்கொடுப்பதே நடைமுறை வழி. தமிழ்ப்பள்ளித் தேவாரப் போட்டி இதற்கு நல்ல உதாரணம். முதலாம் ஆண்டுப் பிள்ளை மைக்கை விட்டு ஒரு முழம் தள்ளி நின்று முணுமுணுக்கும். அடுத்து வரும் ஆறாம் ஆண்டு மாணவி மைக்கை உதட்டில் ஒட்டிக்கொண்டு முழங்குவாள். டிரான்ஸ்மிட்டரை மாணவிக்கு வையுங்கள். சின்னப் பிள்ளைக்கு வேண்டியது, மைக் ஸ்டாண்டைக் கீழே இறக்கி அவனருகே நகர்த்திவைக்கும் ஓர் ஆசிரியை.

மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் நம் பாடகர்களிடம் பரவியிருக்கிறது. அதனால் குரல் மந்தமாகி, ஸ்பீக்கர் ஊளையிடத் தொடங்கும். இதைக் கெய்னால் சரிசெய்ய முடியாது; பாடகரிடம் சொல்லித்தான் சரிசெய்ய வேண்டும், அதையும் அவருடைய நண்பர்கள் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கீபோர்டையும் நாதஸ்வரத்தையும் இணைக்கும்போது

பெல்ட்பேக்கில் மைக்குக்குப் பதிலாகக் கீபோர்டையோ மின்சுருதிப் பெட்டியையோ இணைப்பவர்கள், மைக் அளவுக்கும் லைன் அளவுக்கும் உள்ள இடைவெளியை அறிந்திருக்க வேண்டும். காலர் மைக் தருவது சில மில்லிவோல்ட் அளவிலான சிறு மின்னழுத்தம். கீபோர்டின் வெளிவாயில் வருவது அதைப் போல் நூறு மடங்குகூட இருக்கலாம். மெனுவில் மைக், லைன் என்று தேர்வு இருந்தால் லைனுக்கு மாற்றுங்கள். உள்ளே வரும் ஒலியைக் குறைக்கும் பேட் என்று ஒன்று இருந்தால் அதை இயக்குங்கள். இரண்டும் இல்லையென்றால், கருவியை மிகக் குறைந்த அளவில் வைத்து, கீபோர்டின் சொந்த வால்யூமையும் பாதியில் வைத்துத் தொடங்குங்கள். நிறுவனம் விற்கும் உரிய கேபிளைப் பயன்படுத்துவது முக்கியம். காலர் மைக்குக்காக அந்த வாயில் ஒரு சிறு மின்னழுத்தம் வெளியே வந்துகொண்டிருக்கும், அது கீபோர்டுக்குள் போக வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் மைக்கை இன்னொரு நிறுவனத்தின் பெல்ட்பேக்கில் செருகுவதும் இதே காரணத்தால் ஆபத்து. ஷூர் நான்கு முனைச் சின்னச் செருகியையும், சென்ஹைசர் திருகிப் பூட்டும் 3.5 மில்லிமீட்டர் செருகியையும் பயன்படுத்துகின்றன. செருகி பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை பொருந்தும் என்பதில்லை.

நாதஸ்வரத்துக்கு மாட்டும் சின்ன மைக் தனிக் கதை. அதன் விரிந்த வாயான அணசுக்கு நேர் எதிரே அதை வைத்தால், எந்தப் பெல்ட்பேக்காக இருந்தாலும் அளவைக் கடைசி வரை குறைக்க வேண்டியிருக்கும், அப்போதும் உடையலாம். சற்றுத் தள்ளி, உடலின் பக்கவாட்டில் வைத்தால் எல்லாம் எளிதாகிவிடும்.

தாழ்ந்த ஒலியை வெட்டும் லோ கட் வசதி இருந்தால், பேச்சுக்கு அதை 80 ஹெர்ட்ஸ் அளவில் இயக்கலாம். ஆண் குரலின் அடித்தளமே ஏறக்குறைய 85 ஹெர்ட்சில்தான் தொடங்குகிறது என்பதால் குரலுக்கு இழப்பில்லை. மண்டபத்து மின்விசிறியின் காற்றும், மைக்கைக் கை மாற்றும்போது வரும் ‘டும்’ ஓசையும் குறையும். உறுமிக்கு வைக்கும் மைக்கில் மட்டும் இதை இயக்காதீர்கள். உறுமியின் உயிரே அந்தத் தாழ்ந்த ஒலியில் இருக்கிறது.

இனிக் காதுக்கு வேலை. ரிசீவரின் வெளியீட்டை ஒரு நடு அளவில் வைத்து, மிக்சரின் கெய்னைச் சரிசெய்து, ஃபேடரை மெல்ல ஏற்றி, மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். குரல் தெளிவாக இருந்தால் டிரான்ஸ்மிட்டரைப் பூட்டலாம்.

பூட்டு: எது எதைத் தடுக்கிறது

பூட்டு என்றால் எல்லாப் பொத்தான்களும் செத்துவிடும் என்று நினைப்பது தவறு. பூட்டில் வகைகள் உண்டு. மெனு பூட்டு, அலைவரிசையையும் ஒலியளவையும் யாரும் மாற்றாமல் தடுக்கிறது. பவர் பூட்டு, கருவியை அணைக்க முடியாமல் செய்கிறது. மியூட் பொத்தான் இந்த இரண்டுக்கும் கட்டுப்படாமல் தனியே இயங்கும் கருவிகள் ஏராளம். எனவே பூட்டுவதற்கு முன்பாகவே மியூட் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிடுங்கள். சென்ஹைசர் வரிசையில், குரலை மட்டும் நிறுத்துவது, அலையையே நிறுத்துவது, எதையும் செய்யாமலிருப்பது என அதற்கு மூன்று நிலைகள் உண்டு.

என் முடிவு இது: விருந்தினர் கைக்குப் போகும் மைக்கில் மியூட் வேலை செய்யவே கூடாது, குருக்களின் பெல்ட்பேக்கில் மட்டும் அது வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் அவர் அர்ச்சனைக்கு நடுவே சமையற்கட்டைப் பற்றி விசாரிப்பது ஸ்பீக்கரில் வர வேண்டியதில்லை. ஒரு திருவிழாவில் பிரமுகர் ஒருவர் பேசத் தொடங்கியதும் அவருடைய கட்டைவிரல் பொத்தானில் பட்டுக் குரல் நின்றுவிட்டது. ‘அண்ணே, மைக் வேலை செய்யலே’ என்று யாரோ கத்த, நான் ஃபேடரை மேலே ஏற்றினேன். அதே நேரத்தில் அவரும் பொத்தானை மறுபடி அழுத்திவிட்டார். அதற்குப் பிறகு வந்த ஊளையில் கைக்குழந்தைகள் எல்லாம் அழத் தொடங்கின.

பூட்டும் முறை கருவிக்குக் கருவி வேறுபடும். சென்ஹைசர் ஜி3, ஜி4 வரிசையில் மெனுவில் ஆட்டோ லாக் என்பதைத் தேர்ந்து இயக்கிவிட்டால், சிறிது நேரம் யாரும் தொடாதிருந்ததும் கருவி தானே பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமென்றால் செட் பொத்தானை அழுத்துங்கள். பூட்டப்பட்டிருப்பதாகத் திரை சொல்லும். மேல் கீழ் பொத்தானை அசைத்தால் திறக்கவா என்று கேட்கும். மறுபடி செட்டை அழுத்தினால் தற்காலிகமாகத் திறந்துகொள்ளும். வேலை முடிந்து விட்டுவிட்டால் மீண்டும் பூட்டிக்கொள்ளும். ஷூரின் யூஎல்எக்ஸ்-டி போன்றவற்றில் மெனு பூட்டும் பவர் பூட்டும் தனித்தனித் தேர்வுகள். பூட்டு வசதியே இல்லாத சிறு செட்டுகளில், பொத்தானின்மேல் துணி டேப்பை ஒட்டிவிடுவதுதான் நம் ஊர்ப் பூட்டு. அதில் கேலி செய்ய எதுவுமில்லை. நன்றாகவே வேலை செய்கிறது.

பூட்டிய பின் கருவியைக் கையில் எடுத்து, எதுவும் தெரியாத விருந்தினரைப் போல எல்லாப் பொத்தான்களையும் தாறுமாறாக அழுத்திப் பாருங்கள். பவர் பொத்தானை ஐந்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேசுங்கள். குரல் அப்படியே வந்தால் மேடைக்கு அனுப்பலாம்.

திறக்கும் முறையைக் குழுவில் குறைந்தது இருவராவது அறிந்திருக்க வேண்டும். எங்கள் நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, உடை மாற்ற வீட்டுக்குப் போனார். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. இடையில் நாடகத்துக்காக அலைவரிசையை மாற்ற வேண்டி வந்தபோது அவர் கைப்பேசியை எடுக்கவில்லை, எங்களில் ஒருவருக்கும் திறக்கத் தெரியவில்லை. பேட்டரியைக் கழற்றிப் போட்டால் பூட்டு போய்விடும் என்று ஒருவர் சொன்னார். பெரும்பாலான கருவிகளில் அமைப்புகள் நினைவில் நிற்கும், பூட்டும் அவற்றோடு நிற்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டோம். நாடகம் கம்பி மைக்கில் நடந்தது. இப்போது பெட்டியின் மூடிக்குள் திறக்கும் முறையைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரின் பின்னாலும் சின்ன டேப்பில் அது யாருக்கு, எந்த அளவில் வைக்கப்பட்டது என்று பென்சிலால் குறித்திருக்கிறோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் பூட்டைத் திறந்து, கருவியை அணைத்து, பேட்டரியைக் கழற்றிய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். பவர் பூட்டைத் திறக்க மறந்தால், அணைத்துவிட்டோம் என்ற நினைப்பில் பெட்டியை மூடிவிடுவோம். உள்ளே அது இரவு முழுவதும் எரிந்துகொண்டிருக்கும். உள்ளேயே விட்டுவிட்ட பேட்டரி, அடுத்த திருவிழாவுக்குள் கசிந்து தகடுகளில் பச்சை பூத்திருக்கும். அப்படிப் பூத்திருந்தால் பஞ்சில் சிறிது வினிகரைத் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரமில்லாத துணியால் துடைத்து, முழுவதும் காய்ந்த பின் புது பேட்டரியைப் போட்டுப் பாருங்கள்.